தூது போகாத கம்பி

சத்தியப்பிரியாவின் ஹெல்மெட் தெருவுக்கு நடுவே அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் சத்தியப்பிரியாவின் தலை இல்லை என்பதுதான் அன்று காலையில் முத்தரசுவுக்குக் கிடைத்த ஒரே நல்ல செய்தி.

மாவு மில்லின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தவன் சத்தம் கேட்டுத் திரும்பினான். ஸ்கூட்டர் சுவரோரம் சாய்ந்து கிடந்தது. அவன் மனைவி தரையில் உட்கார்ந்து கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். ஹெல்மெட் மட்டும் கேபிளில் மாட்டிக்கொண்டு, கல்யாண வீட்டு விளக்கு மாதிரி மெல்ல ஆடியது. தாடைப் பட்டையை மாட்டாமல் வண்டி ஓட்டுகிறாள் என்று தினமும் அவளைத் திட்டுகிறவன் முத்தரசு. அன்று திட்டவில்லை. பட்டையை மாட்டியிருந்தால் ஹெல்மெட்டோடு மற்றதும் அங்கேயே நின்றிருக்கும்.

"பாத்தீகளா?" என்றாள் சத்தியப்பிரியா. "இன்னைக்கு ஹெல்மெட்டு. நாளைக்கு என் தலைய எறக்க ஏணி எடுத்துக்கிட்டு வாங்க."

"வாயக் கழுவு புள்ள."

"என் வாயக் கழுவுறது இருக்கட்டும். அந்தக் கேபிளை மேல தூக்கிக் கட்டுறதுக்கு இந்தக் காரைக்குடியில ஆளு இருக்கா, இல்லையா?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அவர்கள் வீடு முட்டுச் சந்துக்குள். சந்தின் வாயில் மாவு மில். அந்த வாய்க்குக் குறுக்கேதான் கேபிள் போகிறது. சத்தியப்பிரியாவுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் விடியும்போதே வரிசையில் நிற்பார்கள் என்பதால், இருட்டு முழுசாகப் பிரிவதற்குள் கிளம்பியாக வேண்டும். கறுப்பு வானத்தில் கறுப்புக் கேபிளைப் பார்க்க அவளுக்கு வேறு கண் இல்லை. போக வேறு வழியும் இல்லை.

கேபிள் முன்பெல்லாம் இப்படித் தாழ்ந்ததில்லை. இரண்டு கம்பங்களுக்கு நடுவே அதைத் தாங்கிப் பிடிக்க ஓர் இரும்புக் கம்பி உண்டு. ஏழு இழையை ஒன்றாக முறுக்கி, கேபிளின் முதுகோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். பேச்சையும் படத்தையும் சுமப்பது கேபிள். கேபிளைச் சுமப்பது கம்பி. அந்தக் கம்பி இப்போது துருப்பிடித்து, கம்பத்துக்குப் பக்கத்தில் பாதி இழைகள் அறுந்து, பூனை மீசை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. மீதி இழைகள் முடிந்தவரை முயற்சி செய்துகொண்டிருந்தன.

முத்தரசு அன்றே முருங்கைக்காய் பறிக்கிற துறட்டியால் கேபிளைத் தூக்கி, கயிறு போட்டு மில்லின் மாடிக் கைப்பிடியில் இறுக்கிக் கட்டினான். மறுநாள் கயிற்றைக் காணவில்லை. ஷட்டரில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது: 'வாரியத்தின் உடைமையை அனுமதியின்றித் தாங்குவது தண்டனைக்குரிய குற்றம்.'

வாரியம் என்றால் வான்வழி வடத் தொடர்பு வாரியம். அதன் காரைக்குடி அலுவலகம் ஒரு செட்டியார் வீட்டின் முன்கட்டில் இருந்தது. வளவு என்கிற உள்முற்றத்தைச் சுற்றி நிற்கும் தேக்குத் தூண்களுக்கு இடையில் பிளைவுட் அடித்து, தூணுக்கு ஒரு பிரிவு என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். பின்கட்டில் வீட்டுக்காரி நாச்சியம்மை ஆச்சி குடியிருந்தாள். பிள்ளைகள் சிங்கப்பூரில். ஆச்சிக்குப் பொழுதுபோக்கு, வாரியம் வேலை செய்வதைப் பார்ப்பது. அது அடிக்கடி கிடைக்கிற காட்சி இல்லை என்பதால் அவள் நிறையப் பொறுமையோடு காத்திருக்கப் பழகியிருந்தாள்.

முத்தரசு முதலில் போனது உறுதிப் பிரிவுக்கு. அங்கே மலையாண்டி என்ற அதிகாரி இருந்தார்.

"கம்பி அறுந்துருச்சா?" என்று கேட்டார் அவர்.

"இன்னும் அறுந்துபோகல சார். இழை இழையா விட்டுக்கிட்டு இருக்கு."

"அறுந்துபோகலைல? அப்ப உறுதியாத்தானே இருக்கு."

"அறுந்துபோச்சுன்னா சார்?"

"அறுந்துபோச்சுன்னா அது கம்பியே இல்ல. முறிவுப் பொருள். அறுந்ததுக்குப் போயி எப்படிங்க உறுதி பாக்குறது? நீங்களே சொல்லுங்க."

"அப்ப எப்பத்தான் சார் பாப்பீக?"

மலையாண்டி நல்ல மனிதர். குடிமக்களுக்கு வழி சொல்லாமல் அனுப்பியதில்லை. "அறுந்துபோகும்ல, அந்த நேரத்துல பாக்கணும். கரெக்டா அறுந்துபோற நேரம் பாத்து எங்களுக்கு ஒரு போன் போடுங்க. ஆள் அனுப்புறேன்."

"அந்தக் கேபிள்லதான் சார் மில்லு போனே போகுது."

"பாத்தீகளா, அப்ப போன் வேலை செய்யுதுல்ல? நல்லாத்தானே இருக்கு!" என்று மலையாண்டி மகிழ்ந்து, அடுத்த தூணுக்கு அவனை அனுப்பிவைத்தார்.

அடுத்த தூணில் ஆயுள் பிரிவு. சிவரஞ்சனி என்ற அதிகாரி, ஜாதகம் பார்க்கிறவரைப் போல நெற்றியைச் சுருக்கிக் கணினித் திரையைப் பார்த்தார். "இந்தக் கம்பிக்கு ஆயுள் முப்பது வருஷம். இன்னும் பாதிகூட ஆகலை. அதுக்குள்ள துருப்பிடிக்க விதியில இடம் இல்லையே."

"விதியில இடம் இல்லாமலே பிடிச்சிருச்சும்மா."

"அப்ப அது துருவா இருக்காது."

"பின்ன என்னம்மா அது, செவப்பா?"

"செம்மண்ணா இருக்கும். உங்க ஊர்ல எல்லாமே செம்மண்ணுதானே?"

"அம்புட்டு உசரத்துலயா?"

"ஏங்க, உங்க தெருவுல காத்தே அடிக்காதா?"

காற்று அடிக்கும் என்பதை முத்தரசுவால் மறுக்க முடியவில்லை. சிவரஞ்சனி இரக்கப்பட்டு ஒரு ரகசியத்தைச் சொன்னார். உண்மையில் இந்தக் கம்பி உறுதிப் பிரிவிலும் வராது, ஆயுள் பிரிவிலும் வராது. அதன் பெயரைப் பார்த்தாலே தெரியுமே. அது செய்திப் பிரிவைச் சேர்ந்தது.

பெயரின் கதை இது. கேபிளைத் தாங்குகிற கம்பிக்கு இங்கிலீஷ்காரன் என்ன காரணத்தாலோ 'மெசஞ்சர் ஒயர்' என்று பேர் வைத்துவிட்டான். வாரியத்தில் எல்லாமே தமிழில் இருக்க வேண்டும் என்று ஒருநாள் உத்தரவு வந்தது. செய்திப் பிரிவின் மேலாளர் ஸ்ரீநிவாசன், கம்பத்தை அண்ணாந்து பார்க்காமல் அகராதியைக் குனிந்து பார்த்தார். மெசஞ்சர் என்றால் தூதுவன். ஆகவே 'தூதுக் கம்பி'. இந்தச் சொல்லாக்கத்துக்காக அவருக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். அந்தச் சால்வை இன்னும் அவர் நாற்காலியின் முதுகில் கிடக்கிறது. விசேஷ நாட்களில் அவர் முதுகிலும் கிடக்கும்.

"எங்க தூதுக் கம்பிக்கு என்ன குறை?" என்று ஸ்ரீநிவாசன் கேட்டார்.

"துருப்பிடிச்சு நொந்துபோச்சு சார். கேபிளைத் தாங்க மாட்டேங்குது."

"தாங்கவா?" அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அது எதுக்கு அய்யா தாங்கணும்?"

"தாங்குறதுக்குத்தானே சார் அதை மாட்டியிருக்காக?"

"தாங்குறதுக்குன்னா தாங்குகம்பின்னுல்ல பேரு வச்சிருப்பேன்? பேரு வச்சதே நான்தானே?" ஸ்ரீநிவாசன் சிரித்தார். அறியாமையைக் கண்டால் அவருக்குக் கோபம் வராது. சிரிப்புத்தான் வரும். "அது தூது கொண்டுபோற கம்பி. சரி, நீங்க சொன்னதும் எனக்கே ஒரு சந்தேகம். அது ஒழுங்கா தூது கொண்டுபோகுதான்னு யாருமே சோதிக்கலை. நான் நேர்ல வர்றேன்."

முத்தரசு வீட்டுக்குச் சந்தோஷமாகப் போனான். "நேர்லயே வாராகளாம்" என்று மனைவியிடம் சொன்னான். அதிகாரி நேரில் வருவது எவ்வளவு ஆபத்து என்பது அவனுக்கு அப்போது தெரியாது.

ஸ்ரீநிவாசன் ஜீப்பில் வந்து இறங்கினார். கூடவே லைன்மேன் சின்னக்கருப்பு. ஓர் ஏணியைப் போட்டுக் கிழக்குக் கம்பத்தில் ஸ்ரீநிவாசன் ஏறினார். மேற்குக் கம்பத்தில் சின்னக்கருப்பு ஏறி, உத்தரவுப்படி கம்பியில் காதை வைத்துக்கொண்டான். ஸ்ரீநிவாசன் கம்பியில் வாயை வைத்து, தொண்டை நரம்பு புடைக்க, "வாரியம் வாழ்க!" என்று கத்தினார்.

"கேட்டுச்சா?"

"நல்லாக் கேட்டுச்சு சார்!" என்றான் சின்னக்கருப்பு. "மில்லுல மாவு திரிக்க வந்தவுகளுக்கும் கேட்டுச்சு. ரெண்டு பேரு ஒங்களுக்குப் பதில் வேற சொன்னாக."

அந்தச் சோதனை செல்லாது என்று முடிவாயிற்று. இரண்டாம் முறை ஸ்ரீநிவாசன் கம்பியில் உதட்டை ஒட்டவைத்துக் குசுகுசுவென்று சொன்னார். உதட்டில் செம்மண் ஒட்டியது. அதாவது, ஆயுள் பிரிவின் கணக்குப்படி செம்மண்.

"இப்ப?"

"காக்கா கத்துனது கேட்டுச்சு சார்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல. கொஞ்சம் காது அரிக்குது."

ஸ்ரீநிவாசன் ஏணியிலிருந்து இறங்கியபோது அவர் முகம் வாடியிருந்தது. ஏமாற்றப்பட்ட நல்ல மனிதனின் முகம் அது. "ஏழு இழை!" என்றார். "ஒரு இழையிலாவது ஒரு செய்தி? ஒரு வணக்கம்? ஒண்ணும் கிடையாது. இத்தனை வருஷமா இந்தக் கம்பி சும்மா தொங்கியிருக்கு அய்யா! பாவம் அந்தக் கேபிள். எல்லாச் செய்தியையும் தானே தூக்கிக்கிட்டு, இந்தச் சோம்பேறியையும் சேர்த்துத் தூக்கிக்கிட்டு நின்னிருக்கு. கேபிள் ஏன் தொய்ஞ்சதுன்னு இப்பத்தான் புரியுது!"

"சார், அது அப்படி இல்ல சார்..."

"நன்றி முத்தரசு. உங்க புகாரால ஒரு பெரிய முறைகேடு வெளிய வந்திருக்கு." அவர் முத்தரசுவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கம்பியைக் கழற்ற உத்தரவு பிறந்துவிட்டது என்று கேள்விப்பட்டு முத்தரசு வாரியத்துக்கு ஓடினான். செய்திப் பிரிவின் வாசலில் நின்று, கம்பியைக் கழற்றினால் கேபிள் விழுந்துவிடும் என்று தனக்குத் தெரிந்த எல்லா விதத்திலும் சொன்னான். ஊஞ்சல் கயிறு என்றான். கொடியில் காயும் வேட்டி என்றான். ஸ்ரீநிவாசன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உவமை நல்லா இருக்கு" என்றார்.

வளவில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்த நாச்சியம்மை ஆச்சி நிமிர்ந்தாள்.

"என்ன தம்பி சத்தம்?"

"கேபிளைத் தாங்குற கம்பியில சேதி போகலையாம் ஆச்சி. அதனால கழட்டிப் போடப்போறாகளாம்."

ஆச்சி சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தாள். பிறகு தூண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "அப்படியா சங்கதி? இந்தத் தூணுக வழியாவும் ஒரு சேதியும் போறதாத் தெரியலையே. கழட்டுறதா இருந்தா ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லிப்புடுங்க மேனேஜரே. நான் வடகத்தை எடுத்துக்கிட்டு வெளிய போயி நின்னுக்கிருவேன்."

ஸ்ரீநிவாசன் எட்டிப் பார்த்துத் தூணைக் கொஞ்ச நேரம் உற்று நோக்கினார். "தூண் எங்க பிரிவுல வராது ஆச்சி" என்றார் வருத்தத்தோடு.

"சும்மா தொங்குறதையெல்லாம் எறக்கணும்னா முன்கட்டுல மொதல்ல யாரை எறக்குறது, அதைச் சொல்லுங்க" என்றாள் ஆச்சி. இந்தக் கேள்வியை ஸ்ரீநிவாசன் மலையாண்டியின் பிரிவைப் பற்றியது என்று எடுத்துக்கொண்டு தலையாட்டினார். பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் மலையாண்டியும் அதை ஸ்ரீநிவாசனைப் பற்றியது என்று எடுத்துக்கொண்டு தலையாட்டினார்.

கம்பியைக் கழற்ற சின்னக்கருப்பு வந்தான்.

"ஏம்ப்பா, ஒனக்குமா தெரியாது?" என்றான் முத்தரசு கீழே நின்று.

"எனக்குத் தெரிஞ்சு என்னண்ணே பண்ண? ஏறுன்னா ஏறுவேன். அறுன்னா அறுப்பேன். சம்பளத்துல யோசிக்கிறதுக்குன்னு தனியா ஒண்ணும் போடல. கொஞ்சம் அங்குட்டுத் தள்ளி நில்லுங்க, மேல விழப்போகுது."

விழுந்தது. தாங்க ஆள் இல்லாத கேபிள், பெருமூச்சு விட்டது போலத் தாழ்ந்து, ஸ்கூட்டரின் முகப்பு விளக்கு உயரத்தில் வந்து நின்றது. சிறிது நேரத்தில் முத்தரசுவின் கைபேசியில் ஒரு குறுஞ்செய்தி வந்தது: 'கழுத்து உயரக் கேபிள் பற்றிய உங்கள் புகார் மகிழ்ச்சியுடன் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?'

தீர்ந்ததென்னவோ உண்மை. இப்போது கேபிள் கழுத்தில் இல்லை.

அன்றிலிருந்து முத்தரசுவுக்குப் புது வேலை வந்தது. சத்தியப்பிரியா கிளம்பும்போதும் திரும்பும்போதும் அவன் மில்லின் மொட்டை மாடியில் ஏறி, துறட்டியால் கேபிளைத் தூக்கிப் பிடிப்பான். அவள் அடியில் புகுந்து போவாள். கல் மாதிரி கனத்தது கேபிள். நாலைந்து மூச்சுக்குமேல் பிடிக்க முடியாது. அவன் பிடி தளர்ந்து, கேபிள் அவள் முதுகை உரசிய ஒரு காலையில், அவள் வண்டியை நிறுத்திவிட்டு மாடியை அண்ணாந்து பார்த்தாள்.

"என்னங்க இது, டோல்கேட்டு வச்சு நடத்துறீகளா?" என்றாள். வேடிக்கையாகச் சொல்லத்தான் நினைத்தாள். குரல் உடைந்துவிட்டது. "ஒருநா உங்களுக்குக் காச்சல் வந்தா, கை வழுக்கிருச்சுன்னா, நான் என்ன ஆவேன்? நெனச்சுப் பாத்தீகளா?"

முத்தரசு அதைத்தான் தினமும் நினைத்துக்கொண்டிருந்தான். அவள் போன பிறகும் மாடியில் நின்று, அவள் கழுத்தையே நினைத்துக்கொண்டிருந்தான்.

வாரியமோ வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தது. ஒரு சந்தில் கம்பி இல்லாமல் கேபிள் இருக்கிறது என்றால், எல்லாச் சந்துகளிலும் ஏன் இருக்கக் கூடாது? ஸ்ரீநிவாசன் எழுதியனுப்பிய குறிப்பைப் படித்து மேலிடம் சிலிர்த்துப்போனது. தன் பலத்தில் நிற்கிற கேபிள் என்ற பொருளில், திட்டத்துக்கு 'தன்பல வடம்' என்று அவரே பேர் வைத்தார். வாரியத் தலைவர் அழகுசுந்தரம் அதை நேரில் வந்து தொடங்கிவைக்கச் சம்மதித்தார். எங்கே? அந்தத் திட்டம் பிறந்த சந்தின் வாயில்தான்.

விழாவுக்கு முந்திய நாள் ஸ்ரீநிவாசன் மில்லுக்கு வந்தார். சால்வை தோளில் இருந்தது. முகத்தில் ஒரு சிறிய கவலை.

"முத்தரசு, கேபிள் கொஞ்சம் தாழ்வா இருக்கு."

"கொஞ்சமா சார்?"

"தன் பலத்துல நிக்கிறதைத் தலைவர் பாக்கணும்ல? அவர் பேசி முடிக்கிற வரைக்கும் நீங்க மேல நின்னு அந்தத் துறட்டியில... லேசா..."

"வாரியத்து உடைமையைத் தாங்குனா தண்டனைன்னு ஷட்டர்ல ஒட்டியிருக்கீகளே?"

"நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் விலக்கு வாங்கிட்டேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "தலைவர் அண்ணாந்து பாத்து, கேபிள் மேல இருக்குன்னு சொல்லிட்டாருன்னா, அப்புறம் அது மேலதான் இருந்தாகணும். யாரும் கீழ இறக்க முடியாது. உங்க வீட்டம்மாவுக்கும் அதானே நல்லது?"

மனைவியின் பேரைச் சொன்னதும் முத்தரசு சம்மதித்துவிட்டான்.

மறுநாள் சாயங்காலம் சந்தின் வாயில் மேடை போட்டிருந்தது. ஸ்கூட்டர் ஒன்று நுழைகிற அளவுக்கு மட்டும் ஓரத்தில் வழி விட்டிருந்தார்கள். மேடைக்கு நேர் மேலே, புகைப்படத்தில் விழுகிற மாதிரி, கேபிள் உயர்ந்து நின்றது. மொட்டை மாடியில் பெரிய வாழ்த்துப் பலகைக்குப் பின்னால் முத்தரசு ஒளிந்து நின்று, துறட்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். பலகையில் சிரித்துக்கொண்டிருந்த தலைவரின் காதுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை. அது வழியாகத் தெரு தெரிந்தது.

தலைவர் அழகுசுந்தரத்தைக் கைத்தாங்கலாக மேடை ஏற்றினார்கள். ஒருவர் குடை பிடித்தார், ஒருவர் மைக்கைப் பிடித்தார், பேச்சுத் தாளை ஒருவர் பிடித்தார். தலையில் சரிகைத் தலைப்பாகை கட்டினார்கள். கூட்டத்தில் முன்வரிசையில் நாச்சியம்மை ஆச்சி உட்கார்ந்திருந்தாள். பிளைவுட் இல்லாமல் வாரியத்தைப் பார்க்கிற வாய்ப்பு அவளுக்கு இதுதான் முதல் தடவை.

"பெரியோர்களே!" என்று தலைவர் தொடங்கினார். "எதற்கெடுத்தாலும் ஆதரவு வேண்டும், ஆதரவு வேண்டும் என்கிறார்கள். நான் கேட்கிறேன், எதற்கு ஆதரவு? தாங்கத் தாங்கத்தான் தொய்வு வரும். எங்கள் வாரியத்தைப் பாருங்கள். பொதுமக்களை நாங்கள் என்றாவது தாங்கியிருக்கிறோமா? இல்லை! அதனால்தான் பொதுமக்கள் இன்றைக்குத் தங்கள் சொந்தக் காலில் நிற்கிறார்கள்."

செய்திப் பிரிவு கைதட்டியது. அது ஓய்ந்த பிறகு உறுதிப் பிரிவு கைதட்டியது.

"என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். என் மாமா இந்த வாரியத்தில் தலைவராக இருந்தார் என்பதைத் தவிர, நான் எந்தப் பிடிமானமும் இல்லாமல் மேலே வந்தவன்."

மேலே முத்தரசுவுக்குத் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை. ஓட்டை வழியாகத் தெருக்கோடியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் திரும்பி வருகிற நேரம்.

"இதோ பாருங்கள் இந்த வடத்தை!" என்று தலைவர் கையை உயர்த்தினார். "ஒரு கம்பி உண்டா? ஒரு கயிறு உண்டா? தன் பலத்தில்..."

கையை உயர்த்தியவர் கண்ணையும் உயர்த்திவிட்டார். தன் படத்தின் காதுக்கு மேலே இருந்து ஒரு மூங்கில் நீட்டிக்கொண்டிருப்பதும், அதன் கொக்கி வடத்தைப் பிடித்திருப்பதும் அவருக்குத் தெரிந்தது.

"அது என்ன?"

மைக் அணைக்கப்படவில்லை.

"அது... தூது சார்" என்றார் ஸ்ரீநிவாசன். பதறிய நேரத்தில் அவருக்கு வேறு சொல் வரவில்லை.

"தூதா? பலகைக்குப் பின்னால ஒரு ஆள் நிக்கிறானே! அவன் வழியா ஏதாவது செய்தி போகுதா?"

தன் விதி தன்னையே வந்து முட்டியதில் ஸ்ரீநிவாசன் திகைத்துப்போனார். "சோதிச்சுப் பாக்கலை சார்."

"சோதிங்க!"

ஸ்ரீநிவாசன் மைக்கை வாங்கி அண்ணாந்து கேட்டார்: "முத்தரசு, உங்க வழியா செய்தி ஏதாவது போகுதா?"

"செய்தி ஒண்ணும் போகல சார்" என்று மேலிருந்து குரல் வந்தது. "எனக்குக் கைதான் போகுது!"

கூட்டம் சிரித்தது. தலைவரின் முகம் சிவந்தது. "செய்தி போகலைன்னா எதுக்கு அங்க நிக்கணும்? நான் இவ்வளவு நேரமா என்ன பேசிக்கிட்டிருக்கேன்? விடச் சொல்லுங்க!"

"சார், விட்டா..." என்றார் ஸ்ரீநிவாசன்.

"விட்டா என்ன? தன்பல வடம்தானே? குறிப்பு எழுதினது நீங்கதானே?"

அந்த நேரத்தில் தெருக்கோடியில் ஸ்கூட்டர் திரும்பியது. சத்தியப்பிரியா கூட்டத்தைப் பார்த்துத் தயங்கி, மேடை ஓரத்து வழியை நோக்கி மெதுவாக வந்தாள்.

"ஒரு நிமிஷம் சார்!" என்று முத்தரசு கத்தினான். "என் வீட்டுக்காரி வந்துக்கிட்டிருக்கு. அவ போயிரட்டும், விட்டுர்றேன்!"

"வாரிய நிகழ்ச்சியில வீட்டுக்காரிக்காக நிறுத்தச் சொல்றியா? உடனே விடு!"

"முடியாது சார்!"

வாரியத்தின் முகத்துக்கு நேரே அந்தச் சொல்லை யாரும் இதுவரை சொன்னதில்லை. சொல்லிவிட்டு முத்தரசுவே கொஞ்சம் பயந்தான். பயத்தில் துறட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்தான். மூங்கில் கிரீச்சிட்டது. சத்தியப்பிரியா பழக்க தோஷத்தில் கேபிளுக்கு அடியில் வரும்போது தலையைத் தாழ்த்தப் போனாள்.

"பிரியா! குனியாத! நேரா வா!"

அவள் அண்ணாந்து பார்த்தாள். பலகைக்குப் பின்னால், நரம்பு புடைத்த இரண்டு கைகள் தெரிந்தன. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மாதக்கணக்கில் குனிந்தே போன வழியில், ஹெல்மெட்டை மாட்டி, தாடைப் பட்டையையும் போட்டபடி, தலை நிமிர்ந்து சந்துக்குள் போனாள்.

"வந்துட்டேங்க!" என்று உள்ளிருந்து குரல் கேட்டது.

"சார்" என்றான் முத்தரசு மரியாதையாக. "இப்ப விடட்டுமா?"

"அதைத்தானேய்யா அப்பவே சொல்றேன்! விடு!" என்று தலைவர் மைக்கில் முழங்கினார். ஊர் முழுக்கக் கேட்டது. எனவே பிறகு நடந்த எதற்கும் முத்தரசு பொறுப்பில்லை.

அவன் விட்டான்.

கேபிள் இறங்கியது. குடை பிடித்தவர் குடையை விட்டார். மைக் பிடித்தவர் மைக்கை விட்டார். தாள் பிடித்தவர் தாளோடு மேடையை விட்டே குதித்தார். தலைவரைத் தாங்க யாரும் இல்லாததால் அவர் தன் பலத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். உட்கார்ந்ததால் தலை தப்பியது. சரிகைத் தலைப்பாகை மட்டும் கேபிளில் மாட்டிக்கொண்டு, கல்யாண வீட்டு விளக்கு மாதிரி மெல்ல ஆடியது.

கம்பத்தடியில் நின்றிருந்த சின்னக்கருப்பு மட்டும் கடமை தவறாமல் கேட்டான்: "சார், சேதி கெடச்சிருச்சா?"

மறுநாள் மில்லின் ஷட்டரை முத்தரசு தூக்குவதற்குள் புதுக் கம்பி வந்து ஏறிவிட்டது. பளபளவென்று முலாம் பூசிய ஏழு இழைக் கம்பி. கேபிள் வானத்தைத் தொடுகிற மாதிரி உயரத்தில் போய் நின்றது. மலையாண்டி வந்து உறுதி பார்த்தார். சிவரஞ்சனி வந்து ஆயுள் பார்த்தார். தாங்குகம்பி என்று பேர் வைக்க மட்டும் வாரியத்துக்கு மனம் வரவில்லை. ஸ்ரீநிவாசன் இரண்டு நாள் யோசித்து 'தலைவர் தலைக்காப்புக் கம்பி' என்று பேர் சூட்டினார். அதற்கும் ஒரு சால்வை கிடைத்தது. கூடவே ஒரு விதியும் வந்தது: தலைவர் வந்துபோகிற தெருக்களுக்கு மட்டும் இந்தக் கம்பி உண்டு. மற்றத் தெருக்களில் தன்பல வடத் திட்டம் வழக்கம்போல் தொடரும்.

விதி வந்த மறுவாரமே அடுத்தடுத்த தெருக்காரர்கள் மாவு மில்லுக்கு வர ஆரம்பித்தார்கள். பாதிப் பேர் கையில் மாவு திரிக்கத் தூக்குவாளிகூட இல்லை.

ஒருநாள் சாயங்காலம் சத்தியப்பிரியா வண்டியை நிறுத்திவிட்டு மொட்டை மாடியைப் பார்த்தாள்.

"என்னங்க, முருங்கைக்காய் பறிக்கணும். துறட்டி எங்க?"

"கழனிவாசல் தெருக்காரவுக வாங்கிக்கிட்டுப் போயிருக்காக" என்றான் முத்தரசு, மாவைச் சலித்துக்கொண்டே. "நாளைக்குத் தலைவர் அங்குட்டு வாராராம்."